சம்பா கோதுமையைக் காப்பது எப்படி?

வானவடி மளிகைக் கடைகளில் 'கப்லி' என்ற பெயரில் விற்கும் கோதுமை தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. ஊரில் சம்பா கோதுமை என்பார்களே, அதுதான் இது. சாங்லி, கோலாப்பூர் வட்டாரங்களிலும் வட கர்நாடகத்திலும் தலைமுறை தலைமுறையாக விளைந்து வந்த இந்தப் பழங்கோதுமை, பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்கள் வந்த பிறகு ஒதுக்கப்பட்டது. காரணம் இல்லாமல் அல்ல. இதன் விளைச்சல் குறைவு. பயிர் உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடும். மணியோடு ஒட்டிய உமியைத் தனியாகக் குத்தி நீக்க வேண்டும்.

இப்போது சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற பேச்சால் இதற்கு மீண்டும் மவுசு வந்திருக்கிறது. இதில் நார்ச்சத்து உண்டு, மெதுவாகச் செரிக்கும். ஆனால் இதை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து. இதில் குளூட்டன் இல்லை என்பதும் தவறு. குளூட்டன் ஆகாதவர்கள் இதையும் தொடக்கூடாது.

கப்லியின் உண்மையான பெருமை வேறு. நீலகிரி, பழனி மலைகளில் தங்கும் தண்டுத் துருநோயின் வித்துகள் காற்றோடு வடக்கே சென்று கோதுமை வயல்களைத் தாக்கக் கூடியவை. அந்த நோயை எதிர்க்கும் மரபணுக்கள் கப்லியில் உள்ளன. அமெரிக்காவில் மக்ஃபாடன் என்ற அறிஞர் இதே இனத்துக் கோதுமை ஒன்றிலிருந்துதான் எதிர்ப்புச் சக்தியை ரொட்டிக் கோதுமைக்குக் கொண்டு சென்றார். 1990-களின் இறுதியில் உகாண்டாவில் புதுவகைத் துரு கிளம்பி, அதுவரை நம்பியிருந்த ரகங்களைச் சாய்த்தபோது, பழைய விதைகளின் அருமை உலகுக்கு மறுபடியும் புரிந்தது.

புனே அகர்கர் ஆராய்ச்சி நிலையம் 2009-ல் வெளியிட்ட எம்.ஏ.சி.எஸ். 2971 என்ற குட்டைக் கப்லி பாராட்டத்தக்க முயற்சி. எனினும் எல்லா வயல்களிலும் ஒரே ரகம் நின்றால், நோய் வரும் நாளில் எல்லாம் ஒன்றாகவே விழும். ஆகவே பழைய ரகங்களும் உழவரின் குதிரில் இருக்க வேண்டும். அவற்றைக் காக்கும் உழவர்களுக்கு வெகுமதி வழங்க 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. அந்த உதவி சிற்றூர் உழவரைத் தேடிச் செல்ல வேண்டும்.

மாதச் சம்பளக்காரர் தினமும் கப்லி வாங்க இயலாது, விலை அப்படி. பண்டிகைப் பாயசத்துக்கும் வாரம் ஒருநாள் உப்புமாவுக்கும் ஒரு கிலோ போதும். சம்பா என்று எழுதிய ரவையெல்லாம் சம்பா அல்ல என்பதால், எந்த ஊர் விளைச்சல் என்று கடைக்காரரைக் கேட்டு வாங்குவது நல்லது. அந்த ஒரு கிலோவுக்குக் கேட்பார் இருந்தால்தான் உழவர் அடுத்த பருவத்துக்கு விதை எடுத்து வைப்பார்.