புதுமையா, தற்செயலா?

செபித்தபின் நோய் நீங்கினால் அது புதுமையா, தற்செயலா என அன்பர் ஒருவர் வினவுகிறார். திருச்சபை இதில் அவசரப்படுவதில்லை. 1858-இல் அன்னை காட்சியளித்த லூர்து நகரில் குணமடைந்ததாக 7,000-க்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். மருத்துவர்கள் ஆராய்ந்தபின், 2025 வரை ஆயர்கள் புதுமையென ஏற்றவை 72 மட்டுமே. எஞ்சியோர் ஏமாந்தவர் அல்லர். தக்க வேளையில் மருத்துவர் வந்ததையும் அருளென்று கொள்ளலாம். நன்றி செலுத்தச் சான்றிதழ் வேண்டியதில்லை.

எனினும், அதே நோயில் மகனை இழந்த தாயும் அதே பீடத்தில்தான் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அவளிடம் “விசுவாசம் போதவில்லை” என்போரை நாம் பொறுப்பதற்கில்லை. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரே மன்றாடியும் துன்பக்கலம் அகலவில்லையே! நன்றிப் பூசைக்குக் கருத்துக் கொடுக்க வருமுன், அத்தாயின் வீட்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.