மேமோகிராமும் நாணமும்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்திற்கு மேமோகிராம் எடுக்கச் செல்ல வேண்டிய நம் தாய்மார்களைத் தயங்க வைப்பது மலைப்பாதை அன்று, நாணமே. நாணத்தின் சிறப்பை மதரஸாவில் கற்பிப்பவர்கள் நாம். ஆயினும் நோயை மறைத்துக் கொள்வது ஹயா ஆகாது என்பதே எங்கள் கருத்து. சிகிச்சையின் தேவைக்கு மார்க்கம் இடமளித்துள்ளது. அகழ்ப்போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில்தான் சிகிச்சை பெற்றார்கள். எனினும் தேதி கேட்கும்போதே, படமெடுப்பவர் பெண்தானா என்று கேட்டுவிடுங்கள். அது உங்கள் உரிமை.

புறப்படும் காலையில் பவுடரும் அத்தரும் வேண்டாம். வெளியூர் என்றால் இவ்விரண்டும் இன்றி நம் வீட்டுப் பெண்கள் கிளம்பமாட்டார்கள்! ஆனால் மார்பிலும் அக்குளிலும் படிந்த பவுடர் படத்தில் வெண்புள்ளிகளாகத் தெரியும். சில வேளை புற்றுநோயின் அறிகுறியாக அமையும் சுண்ணாம்புத் துகள்களோ என்று மருத்துவர் ஐயுற நேரும். அபாயாவுக்குள் மேல்சட்டை தனியாக இருக்கட்டும். இடுப்புக்கு மேல் மட்டும் களைந்தால் போதும். கருகமணியையும் கழற்ற வேண்டியிருக்கும். அதில் அபசகுனம் ஏதுமில்லை.

மாதவிடாய் முடிந்த வாரமே ஏற்றது. அப்போது வலி குறைவு. தட்டுகளுக்கிடையே அழுத்துவது சில வினாடிகளே. கருவுற்றிருந்தாலும் பாலூட்டினாலும் முன்னரே சொல்லுங்கள். பழைய படங்கள் இருப்பின் எடுத்துச் செல்லுங்கள். மீண்டும் அழைத்தால் புற்றுநோய் என்று பொருளன்று. பெரும்பாலும் இன்னும் தெளிவான படம் தேவைப்படுகிறது, அவ்வளவே. மாறாக, கையில் கட்டி தட்டுப்பட்டும் படத்தில் ஒன்றுமில்லை என்று வந்தால், அத்துடன் விட்டுவிடாதீர்கள். மேமோகிராமில் தெரியாத கட்டிகளும் உண்டு. மருத்துவரிடம் மறுபடியும் காட்டுங்கள்.