"பச்சிலைதானே, என்ன செஞ்சிடப் போகுது?"

பௌர்ணமி கிரிவலம் முடிந்த இரவில்தான் அந்தப் பொட்டலம் வீட்டுக்குள் வந்தது.

திருப்பரங்குன்றத்தில் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு தெரு. மாமியாருக்கு வயது 64. பத்து வருடமாகச் சர்க்கரை, நாலைந்து வருடமாக மூட்டுவலி. மலையைச் சுற்றி வந்ததில் முட்டி வீங்கிவிட்டது. கூட நடந்த பெண்மணி ஒருவர், "மூணே நாள் சாப்பிட்டுப் பாருங்கக்கா, மாடிப்படி ஏறுவீங்க" என்று ஒரு பழுப்பு நிறப் பொடியைக் கொடுத்தார். அதில் பெயர் இல்லை, லேபிள் இல்லை.

"என்ன பொடி அத்தை இது?" என்று மருமகள் கேட்டாள்.

"பச்சிலைதான்த்தா. என்ன செஞ்சிடப் போகுது?"

மூன்றாம் நாள் மாமியார் உண்மையிலேயே மாடிப்படி ஏறினார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாவது வாரம் முகம் உப்பியது. வெறும் வயிற்றில் 140-ஐத் தாண்டாத சர்க்கரை 270-ல் நின்றது. தினமும் மாத்திரை போட்டும் இப்படி.

இப்படியொரு காட்சி எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியதுதான். ஆனால், இந்த மருமகள் ஒரு நல்ல காரியம் செய்தாள். பொட்டலத்தைக் குப்பையில் போடாமல், மாமியாரின் மாத்திரைகளையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அரசு சித்த மருத்துவப் பிரிவுக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் மருந்தே கொடுக்கவில்லை

அங்கிருந்த சித்த மருத்துவர் நாடி பார்த்தார். நாக்கைப் பார்த்தார். தூக்கம், பசி, மலம், சிறுநீர் பற்றியெல்லாம் கேட்டார். நாடி, தொடுஉணர்வு, நாக்கு, நிறம், பேச்சு, கண், மலம், சிறுநீர் என எட்டையும் பார்ப்பது சித்த மருத்துவத்தின் 'எண்வகைத் தேர்வு'. அதன் பிறகு, "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

பொடியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல என்ன இருக்குன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. ஆனா, பல வருஷ மூட்டுவலி மூணு நாள்ல மறையுது, முகம் உப்புது, சர்க்கரை ஏறுதுன்னா ஸ்டீராய்டு கலந்திருக்கோன்னு சந்தேகப்படணும்."

"அப்ப இன்னைக்கே தூக்கிப் போட்டுடுறேன் டாக்டர்."

"அவசரப்படாதீங்க. வாரக்கணக்கா ஸ்டீராய்டு சாப்பிட்டவங்க திடீர்னு நிறுத்தினா மயக்கம், ரத்த அழுத்தம் குறையறதுன்னு ஆபத்தாயிடும். இந்தப் பொட்டலத்தோட இப்பவே பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்க. எப்படிக் குறைக்கணும்னு அவங்க சொல்வாங்க. என் மருந்து அப்புறம்."

முறையாகப் படித்தவருக்கும் கைப்பொடி கொடுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எப்போது மருந்து கொடுக்கக் கூடாது என்பதும் படித்தவருக்குத் தெரியும்.

ஒரு பெயர் மாறியதால்

திருப்பரங்குன்றத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் பழைய உறவு. மச்சமுனிச் சித்தர் இந்த மலையில்தான் அடங்கியிருக்கிறார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. பழநியோடு சேர்த்துச் சொல்லப்படும் போகர், சீனாவுக்குப் போய் வந்தவர் என்றும் அங்கிருந்தே வந்தவர் என்றும் கதைகள் உண்டு. அந்தச் சீனத்து மூலிகை மருத்துவத்திலும் இதே பாடம் இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் எடை குறைக்கும் கிளினிக் ஒன்றில் சீன மூலிகை சேர்த்த மாத்திரைகள் தரப்பட்டன. சேர்க்க வேண்டிய வேரின் சீனப் பெயர் 'ஃபாங்ஜி'. ஏறக்குறைய அதே பெயரில் 'குவாங் ஃபாங்ஜி' என்று இன்னொரு வேர் உண்டு. இரண்டும் வேறு வேறு செடிகள். பெயர்க் குழப்பத்தில் வேர் மாறிப் போனது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பலர் டயாலிசிஸ் வரை போனார்கள். சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்தச் செடியில் இருந்த அரிஸ்டோலோகிக் அமிலமே காரணம்.

இது ஏதோ வெளிநாட்டுச் செடி என்று நினைத்துவிட வேண்டாம். அதே குடும்பத்துச் செடிதான் தென் மாவட்டக் கரிசல் காடுகளில் வளரும் ஆடுதீண்டாப்பாளை. ஆடுகூட வாய் வைக்காது என்று பெயரிலேயே எச்சரிக்கை வைத்தார்கள் முன்னோர்கள். பச்சிலை என்பதாலேயே எதுவும் பாதுகாப்பானதாகிவிடாது.

அதற்காக மூலிகையே வேண்டாம் என்று ஒதுக்கவும் தேவையில்லை. சீனாவின் டு யூயூ, பழைய மருத்துவ நூல் ஒன்றைப் படித்துத்தான் ஒரு மூலிகையிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்தெடுத்தார். 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. சூடு அதிகமானால் மருந்தின் வீரியம் போய்விடுகிறது என்று கண்டு, குறைந்த வெப்பத்தில் எடுத்தபோதுதான் பலன் கிடைத்தது. ஒரே செடியானாலும், செய்முறை தெரிந்தால்தான் மருந்து.

யாரிடம் போவது?

தமிழர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் சீன மருத்துவம் செய்பவர்களைப் பதிவு செய்ய 2000-ல் சட்டமே வந்தது. பதிவில்லாதவர் வைத்தியம் செய்ய முடியாது. இங்கேயும் முறை உண்டு. சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ்., பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு. பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்தவர்கள் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஆலோசனையும் மருந்தும் இலவசம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* லேபிளில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, சேர்ந்திருக்கும் சரக்குகளின் பட்டியல் இருக்கிறதா?

* சேராங்கொட்டை, எட்டிக்கொட்டை, நாபி போன்றவை சுத்தி செய்த பிறகே மருந்தாகும். இவை சேர்ந்த மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும்.

* சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் சித்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சாப்பிடும் சூரணத்தை அலோபதி மருத்துவரிடமும் மறைக்கக் கூடாது. இருமலுக்கு நல்லதென்று அதிமதுரத்தை நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறலாம். சர்க்கரை மாத்திரையோடு சர்க்கரை குறைக்கும் பொடியும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கலாம்.

* கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுநீரகம் அல்லது கல்லீரலில் கோளாறு உள்ளவர்கள், ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் எதையும் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

* கண், சிறுநீர் மஞ்சளாவது, கால் வீங்குவது, உடல் தடிப்பது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

* "எல்லா நோய்க்கும் ஒரே மருந்து", "இன்சுலினை நிறுத்திடலாம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடலாம்.

அந்த வீட்டு மாமியாருக்கு, பொது மருத்துவப் பிரிவின் ஆலோசனைப்படி பொடி படிப்படியாக நின்றது. சர்க்கரை பழைய அளவுக்கு இறங்க இரண்டு மாதம் ஆனது. அதன் பிறகுதான் சித்த மருத்துவர் முட்டிக்கு மேல்பூச்சுத் தைலமும் தினமும் செய்யச் சின்னப் பயிற்சிகளும் கொடுத்தார். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் குறைந்திருக்கிறது.

இப்போது அவருடைய சுருக்குப்பையில் ஒரு சீட்டு இருக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு, யார் கொடுத்தது என்று மருமகள் எழுதி வைத்த சீட்டு. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார்.