ஏரிக்கரையே நமது கடற்கரை

மயிலாப்பூர்வாசிக்கும் திருவான்மியூர்வாசிக்கும் ஒரு பெருமை உண்டு. "விடிந்ததும் கடற்கரை, கொஞ்ச தூரம் நடந்தால் நாளெல்லாம் உற்சாகம்" என்பார்கள். கேட்கும் அம்பத்தூர்க்காரர் பெருமூச்சு விடுவார். மின்சார ரயிலேறி, பஸ் மாறி, மெரீனாவில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஞாயிற்றுக்கிழமையில் பாதி போய்விடுகிறதே!

இந்தப் பெருமூச்சு அநாவசியம் என்பது நமது கட்சி. கடல் இல்லாவிட்டால் என்ன? மேற்குப் புறநகருக்கு ஏரிகள் இருக்கின்றன. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூவிருந்தவல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். நிறைந்த நாளில் செம்பரம்பாக்கத்தைப் பார்த்தால் நீர் வானத்தைத் தொடும்; அலையோசை ஒன்றுதான் குறை. பருத்திப்பட்டு ஏரியைச் சீர்படுத்தி, 2019-ல் நடைபாதையுடன் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். காலையில் அங்கே நடப்பவர்களைப் பார்த்தால் கடற்கரைக் கூட்டம் நினைவுக்கு வரும்.

அதோ, முக்குளிப்பான் ஒன்று தலை காட்டி மறைகிறது. நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்கிறது. கூழைக்கடா படகு போல மிதக்கிறது. ஐப்பசி பிறந்தால் வடதேசத்து உள்ளான்களும் வாத்துகளும் விருந்தாளிகளாய் வந்து, பங்குனி வரை தங்கிப் போகும்.

பூவுக்கும் பஞ்சமில்லை. ஊரின் பெயரே பூவிருந்தவல்லி அல்லவா? அங்கே அவதரித்த திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் வைத்து, காஞ்சி வரதனுக்குப் பூமாலை சுமந்தார் என்பது வைணவ மரபு. பங்குனியில் வேம்பு, சித்திரையில் சரக்கொன்றை, மழை ஓய்ந்தால் மரமல்லியும் தும்பையும், தையில் ஆவாரை என்று மாதத்துக்கொரு பூ. பூவரசோ வருஷம் முழுவதும் பூக்கும். காலையில் மஞ்சளாய் மலர்ந்து மாலையில் சிவந்து வாடும் அந்த மரம், கடலோரத்திலும் தழைப்பது. இங்கே ஏரிக்கரையிலும் தழைக்கிறது.

ஆனால், கரையின் அழகைப் பார்த்து மயங்கி, நீரை மறந்துவிடக் கூடாது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. சாக்கடையை உள்ளே விட்டுவிட்டுக் கரையில் நடைபாதை போடுவது, பட்டினி கிடப்பவனுக்குப் பட்டு வேட்டி கட்டிவிடுவது போலத்தான்!

இந்த நிலை ஏன் வந்தது? முன்பு ஏரிக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அதன் நீரை நம்பி நெல் விளைந்தது. ஆகவே ஊரார் கூடி மராமத்து செய்தார்கள், கரை காத்தார்கள். பின்னர் வயல்கள் மனைகளாயின. காப்பாற்றியவர்கள் போனார்கள், ஏரி அநாதையாயிற்று. இனி அதற்கு உறவு என்று சொல்லிக்கொள்ள யார் உண்டு? தினமும் காலையில் கரையில் நடக்கும் நாம்தான்!

கடற்கரைக்காரர்கள் இதில் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்காக, சென்னை மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் இரவு நேரங்களில் மணலில் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறது. நடை அங்கே காவலாயிற்று. ஏரிக்கரையில் ஆகாதா?

எந்த வாய்க்காலில் சாக்கடை வருகிறது, எங்கே குப்பை கொட்டுகிறார்கள் என்பது அன்றாடம் நடப்பவருக்குத் தெரியாமல் போகாது. நாலு பேர் கையெழுத்திட்டு மாநகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் எழுதலாம். பதில் வரும் வரை விடாமல் எழுதலாம். அழகு செய்கிறோம் என்று ஏரியோரம் முழுவதும் கல்லும் சிமெண்டும் பதிக்க வந்தால், "கொஞ்சம் சேற்றை விட்டுவையுங்கள், ஐயா" என்று சொல்லலாம். உள்ளானுக்கு அந்தச் சேறுதான் சாப்பாட்டு மேஜை.

கடலுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்றும் எண்ண வேண்டாம். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலந்து கடலுக்குத்தான் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தை யார் மறப்பார்? நாம் இங்கே நீரைச் சுத்தமாக வைத்தால், அதன் பலன் மயிலாப்பூர்க்காரரின் கடற்கரைக்கும் போய்ச் சேரும்!