கவலை மாடு வேலை செய்வது எப்போது?

மாணவர்களே, "சாய்தளம் வேலையைக் குறைக்கிறது" என்று தேர்வில் எழுதுகிறவர்கள் பலர். அந்த விடைக்கு மதிப்பெண் தரக் கூடாது. இந்தத் தவறு நீங்க, ஆய்வுக்கூடத்துப் பலகையைவிடப் பல்லடத்துத் தோட்டக் கிணறே நல்ல ஆசான் என்பது என் கருத்து.

1932-ல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கி, பிறகு மோட்டார் பம்புகள் பரவும் வரை இவ்வட்டாரத்தில் கவலை இறைத்துத்தான் வெள்ளாமை. இன்றும் சில பழைய கிணற்று மேடுகளில் கவலைக்கு நட்ட கல்தூண்கள் நிற்கின்றன. உங்கள் அப்பாரைக் கேளுங்கள், சொல்லுவார். மாடுகள் கிணற்றைவிட்டு விலகிச் சரிவில் இறங்கும்; வடக்கயிறு உருளைமேல் ஓட, தண்ணீர்ப் பை மேலே வரும். பிறகு மாடுகள் பின்னுக்கு நடந்து மேடேறும்.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு மாடும் சேர்ந்து 600 கிலோ. தண்ணீர் 100 லிட்டர், அதாவது 100 கிலோ. கிணற்றின் ஆழம் 12 மீட்டர். சரிவில் 6 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். சரிவின் வழியே மாடுகளின் எடையில் ஆறில் ஒரு பங்கு, 100 கிலோ, இழுக்கிறது. உராய்வை விட்டுவிட்டால் தண்ணீரைத் தூக்க அதுவே போதும்! மாடு தனியாக இழுக்க வேண்டியதே இல்லை.

அப்படியானால் தண்ணீர் இலவசமா? இல்லை. 12 மீட்டர் நடந்த மாடுகள் 2 மீட்டர் கீழே வந்துவிட்டன. 600 கிலோவை 2 மீட்டர் ஏற்றுவதும் 100 கிலோவை 12 மீட்டர் ஏற்றுவதும் ஒரே வேலை. ஆக, பை காலியாகத் தொங்கும்போதுதான், அதாவது திரும்பி ஏறும்போதுதான், மாடு நமக்குத் தண்ணீர் இறைக்கிறது!

சமதரை என்றால் போகும்போது முழு இழுப்பு, வரும்போது சும்மா. 12 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் வைத்தால் போகும்போது பாதி, வரும்போது பாதி. இழுக்கும் விசை 100-லிருந்து 50 கிலோ ஆகிறது. மொத்த வேலை அப்படியே இருக்கிறது. சரிவை மேலும் செங்குத்தாக்கினால் பின்னேற்றத்தில் மாடு திணறும், குளம்பும் வழுக்கும்.

கவலை ஓட்டுகிறவர் இறக்கத்தில் வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. அவர் எடை 60 கிலோ என்றால் மாட்டுக்கு எவ்வளவு உதவி? கணக்கிடும்போது மறக்காதீர்கள், அவரும் அந்த மேட்டை ஏறித்தான் திரும்ப வேண்டும்.