முன்னாலே என்ன, பின்னாலே என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டுக் கடை முடிந்து, பாத்திரங்களைக் கிணற்றடியில் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கும் என் பிள்ளை அவன் அப்பாவின் செல்போனை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இதப் பாரேன், செம அடி!"

வாங்கிப் பார்த்தேன். விஜயகாந்த் பிரசார வேனில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவரை அடிக்கிற காட்சி. 2011 சட்டமன்றத் தேர்தல் சமயம் தருமபுரியில் எடுத்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு மேளச் சத்தம் எல்லாம் சேர்த்து, ஒரே அடியை நாலு தரம் வருகிற மாதிரி பண்ணியிருந்தான். நானும் சிரித்துவிட்டேன். பொய் சொல்வானேன்?

உள்ளேயிருந்து எங்கள் வீட்டுக்காரர் குரல் வந்தது. "செத்துப்போன மனுசன வெச்சிக்கினு தாயும் புள்ளையும் சிரிக்கிறீங்களே, நல்லாருக்குதா?"

அவர் லாரி ஓட்டுகிறவர். மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வருவார். 2023 டிசம்பர் 28-ம் தேதி விஜயகாந்த் காலமானார் என்று கேட்டதும் அன்றைய ஓட்டத்தையே விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய், கூட்டத்தோடு கூட்டமாய் நின்று முகம் பார்த்துவிட்டு வந்தவர். அவர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதே காட்சியை 2011-ல் நான் வேறு மாதிரி பார்த்தேன்.

அப்போது என் மகள் கைக்குழந்தை. அரசாங்கம் கொடுத்த இலவசக் கலர் டி.வி.யில்தான் பார்த்தேன். எதிரணிக்கு வேண்டிய சேனல்களில் அந்த அடியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "சொந்தக் கட்சி வேட்பாளரையே அடிக்கிறான், இவனெல்லாம் நாட்டை ஆளப் போறானா?" என்று ஏக வசனத்தில் திட்டினேன். ஏன் அடித்தார் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. எதிர்த்த வீட்டில் போய்ச் சொன்னேன், கிணற்றடியில் சொன்னேன், ரேஷன் கடை வரிசையிலும் சொன்னேன். அந்தத் தேர்தலில் அவர் கட்சிக்கு 29 இடம் கிடைத்தது. அடி வாங்கிய தருமபுரி வேட்பாளரும் ஜெயித்தார். எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே அப்போது இருந்த ரிஷிவந்தியத்தில் நின்று ஜெயித்த விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். என் பேச்சை யார் கேட்டார்கள்!

அப்புறம் வருஷம் போகப் போக அவர் பேச்சுக் குழறியது, நடை தளர்ந்தது. அதையும் படம் பிடித்துக் கேலி செய்தார்கள். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நானும்தான் சொன்னேன். பிறகுதானே தெரிந்தது, மனுஷன் உடம்பு சரியில்லாமல் வெளிநாடெல்லாம் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று. 2022-ல் சர்க்கரை நோயால் கால் விரல் எடுக்கும்படி ஆகிவிட்டது. எங்கள் மாமியாருக்கும் அதே சர்க்கரையால்தான் கட்டை விரல் போயிற்று. தினமும் கட்டுப் பிரித்துக் கட்டுகிறவள் நான். அந்தச் செய்தியைப் படித்தபோது, கேலிப்படம் பார்த்துச் சிரித்த நாட்கள் ஞாபகம் வந்து நெஞ்சைப் பிசைந்தது.

இதனால் 2011-ல் அடித்தது சரி என்று ஆகிவிடாது. பின்னால் வந்த நோயை முன்னால் நடந்ததற்குச் சமாதானமாகச் சொல்வது, நேற்றைய குழம்பு தீய்ந்ததற்கு இன்றைய அடுப்பைக் காரணம் சொல்கிற மாதிரி. அவர் வீட்டுக்கு யார் போனாலும் இலையில் சோறு போடுவார் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். சோறு போட்ட கையாகவே இருக்கட்டும், நாலு பேர் முன்னால் ஒருத்தர் மேல் அதை ஓங்கலாமா? கூடாது. ஆனால், அடித்தது தப்பு என்று சொல்வது வேறு. ஒரு மனுஷனையே அந்தப் பத்து விநாடியில் அடைத்துப் பூட்டிவிடுவது வேறு. நான் செய்தது இரண்டாவது.

படமே இல்லாத காலத்தில் மட்டும் நாம் என்ன வாழ்ந்தோம்? 1989 மார்ச் 25-ம் தேதி சட்டசபையில் பட்ஜெட் படிக்கும்போது நடந்த ரகளையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நான் மூன்றாவது படித்தேன். கலைஞரைத் தாக்கிக் கண்ணாடியை உடைத்தார்கள் என்று என் அப்பா. ஜெயலலிதாவின் சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்று என் அம்மா. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே ரேடியோ கேட்டவர்கள்தாம்! அன்றைக்கு ராத்திரி அம்மா அப்பாவுக்குச் சோறு போடவில்லை, நான்தான் போட்டேன். 2023-ல்கூட பார்லிமெண்டில் அந்தப் பேச்சு எழுந்து, பழையபடி ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். நம் கட்சிக்காரர் என்றால் காரணம் தேடுகிறோம், எதிர்க்கட்சிக்காரர் என்றால் கயிறு தேடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் விருதுநகர் மாவட்டம் பாலவநத்தத்தில், மனு கொடுக்க வந்த ஒரு பெண்ணின் தலையில் அமைச்சர் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன் கையில் இருந்த காகிதத்தால் அடிக்கிற படம் வெளியே வந்தது. எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் அன்றைக்குக் கடன் தவணைப் பேச்சே நடக்கவில்லை. எல்லாரும் போனைத்தான் பார்த்தோம். "மனு கொடுத்தா மண்டையில அடிக்கிறதா?" என்று முதலில் கொதித்தவள் நான். பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை அமைச்சர் பதவி விலக வேண்டும் என்றார். பார்த்தால், அந்தப் பெண்ணே, "அவர் எங்களுக்கு உறவுக்காரர் மாதிரி, ரொம்ப காலமாகத் தெரியும், உரிமையில் செல்லமாகத் தட்டினார்" என்று சொல்லிவிட்டார். கொதித்தவர்கள் எல்லாரும் கப்சிப்.

அதற்குப் பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த அம்மாள் சொன்னதை நம்பத்தான் வேண்டும். அடி பட்டது அவர் தலை, அவருக்குத் தெரியாதது நமக்கு என்ன தெரியும்? ஆனாலும் ஒரு கேள்வி. அதே உரிமையில் அவர் அமைச்சர் தலையில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால்? உரிமை என்றால் இரண்டு பக்கமும் ஓட வேண்டாமோ! எங்கள் குழுவில் இதைச் சொன்னபோது தலைவி அக்கா, "நீ ஒருத்தி, எதையும் விடமாட்டே" என்று சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் கொண்டுவந்த மனுவில் என்ன எழுதியிருந்தது, அது என்ன ஆயிற்று என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்கவில்லை. அவள் எதற்காக அங்கே வெயிலில் நின்றாளோ அதை விட்டுவிட்டு, அவள் தலையைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறோம்.

அரசியல்வாதிகள் கதை இருக்கட்டும். அவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது, மேடை இருக்கிறது. அது இல்லாத ஒருத்தி விஷயத்தில் நான் செய்ததைச் சொல்லத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன்.

போன கோடையில் மரக்காணம் போயிருந்தேன். அளத்து ஓரமாக பஸ்ஸுக்கு நின்றேன். நல்ல உச்சி வெயில். பாத்திகளில் உப்பு பூத்து, கண் கூசுகிறது. சற்றுத் தள்ளி வரப்பின் மேல் ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், ஐந்து வயதுப் பையனை முதுகிலும் தொடையிலும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை வீரிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஏய் பொண்ணு! பெத்த புள்ளையா, இல்ல தவிட்டுக்கு வாங்குனியா?" என்று கத்தினேன். என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பையன் போனை எடுத்துப் படம் பிடித்தான். நானும் தடுக்கவில்லை. "பிடிப்பா, நாலு பேர் பாக்கட்டும்" என்றேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். அடித்தவளே அழுகிறாளே என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

பஸ் வருவதற்குள், உப்பு வாரும் பலகையைத் தோளில் சாத்திக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். "ஏம்மா, தெரியாம பேசாதீங்கம்மா. உப்புத் தண்ணி எறைக்கிற இஞ்சின் ஓடிக்கினு இருந்திச்சி. இந்தப் பையன் பெல்ட்டுல கைய வெக்கப் போயிட்டான். அவ பாஞ்சி இஸ்துக்கினு வந்தா. இவனுக்கு மூத்ததுக்கு அதே பெல்ட்டுல ரெண்டு வெரல் போயிடிச்சி, போன வருசம்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினால் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். ஏறியிருக்கக் கூடாது.

அந்தப் பையன் எடுத்த படம் அன்று சாயங்காலமே எங்கள் ஊர் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. "குழந்தையைக் கொடுமை செய்யும் தாய்" என்று தலைப்பு. பின்னால் என் குரல்தான் கணீரென்று கேட்கிறது. இஞ்சின் படத்தில் இல்லை. பெரியவரும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் லோடு ஏற்றப் போனபோது விசாரித்துவிட்டு வந்தார். அளத்தை எடுத்து நடத்துகிறவர் படத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேலைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். பிள்ளையை விட வீட்டில் ஆள் இல்லை. பத்து நாள் கூலி போயிற்று. மழை வந்தால் அளத்தில் வேலையே இல்லை; கோடைக் கூலியைச் சேர்த்து வைத்துத்தான் ஐப்பசி கார்த்திகையை ஓட்ட வேண்டும். அந்தக் கோடையில் பத்து நாளை நான் வாயால் தின்றேன்.

அவள் அடித்ததும் சரியில்லைதான். இளம் தாய்மார்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். பயத்தில்தான் நாம் அதிகம் அடிக்கிறோம். கன்னத்தில் என்று ஓங்குகிற கை காதில் பட்டால் செவிப்பறை கிழிந்துவிடும். கைக்குழந்தையைக் கோபத்தில் பிடித்து உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளையை இழுத்து அணைத்து, நம் படபடப்பு அடங்கும் மட்டும் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. ஆனால், இதைச் சொல்ல வேண்டிய விதம் ஒன்று இருக்கிறதல்லவா? கிட்டப் போய், தோளைத் தொட்டு, "என்னாச்சிம்மா?" என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு நேரமில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். போனில் யார் யாரை அடிக்கிற படம் வந்தாலும், "முன்னாலே என்ன, பின்னாலே என்ன?" என்று என் பிள்ளை கேட்க வேண்டும். எப்போது எடுத்தது, போட்டவர் எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்க வேண்டும். மறுநாள் வரைக்கும் யாருக்கும் அனுப்பக் கூடாது. உறை ஊற்றிய பாலை ஆட்டி ஆட்டிப் பார்த்தால் தயிர் தோயுமா? முக்கால்வாசி சங்கதி மறுநாள் காலையில் வேறு முகத்தோடு வருகிறது. மாறாமல் அப்படியே இருந்தால், அப்போது கோபப்படலாம். தெரிந்து வருகிற கோபத்துக்கு ஆயுசு அதிகம். ஞாயிற்றுக்கிழமை அந்த வழக்கத்தை மீறியவள் நான்தான் என்று என் பெண் குத்திக் காட்டினாள்.

திங்கட்கிழமையே எங்கள் வீட்டுக்காரர் லாரியில் ஏறி மரக்காணம் போனேன். உப்பைக் குவித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீதானக்கா அன்னிக்குக் கத்துனது?"

"நான்தாம்மா. தெரியாம பேசிட்டேன். மன்னிச்சிக்க."

"பரவால்லக்கா. பையன இப்ப பள்ளிக்கொடத்துல சேத்துட்டேன்." வாங்கிப் போயிருந்த பிஸ்கட் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் பலகையால் உப்பைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அப்புறம் நிமிராமலே கேட்டாள்: "அந்தப் படத்த எல்லாரும் அழிச்சிட்டாங்களாக்கா?"

என் போனில் அழித்துவிட்டேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். லாரியில் சங்கிலி மாட்டுகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் கூப்பிட்டார். வெயிலில் நடந்து போய் ஏறிக்கொண்டேன்.