செயலிக் கட்சி

நம் விடுதியில் இரவுணவிற்குப் பின்னர் நிகழும் வாதங்களுள் ஓய்வின்றி நடப்பதொன்று உண்டு. மடிக்கணினி வாங்குவோர் இன்டெல் நிறுவனத்தின் செயலியை உடையதனை வாங்குதல் தக்கதோ, ஏ.எம்.டி. நிறுவனத்தின் செயலியை உடையதனை வாங்குதல் தக்கதோ என்பதே அது. இலாவணி பாடுவோர் எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து நின்று விடியுமளவும் வழக்காடுவதுபோல, நம் நண்பர்களும் இரு திறத்தாராய் நின்று வழக்காடுகின்றனர். இலாவணியிலாயினும் கேட்போர்க்குப் பாட்டின்பம் உண்டு. இதன்கண் அதுவும் இல்லை.

ஆயினும் இதனை வீண்பேச்செனத் தள்ளுதற்கு எம் மனம் ஒருப்படவில்லை. 50,000 ரூபாய் என்பது நம்முட் பலர்க்குச் சிறு தொகையன்று. அன்னையாரின் கழுத்துச் சங்கிலி அடகுக்கடை சென்ற பின்னரே அப்பொருள் கைக்கு வரும் இல்லங்கள் பல. அவ்வாறு வாங்கிய கருவி இளங்கலை முடியும் மூன்றாண்டும், மேலும் பயில்வார்க்கு ஐந்தாண்டும் உழைத்தல் வேண்டும். பொருந்தாதென்று கண்டபின் மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆதலின் எமது கருத்தை ஒளியாது உரைப்பாம். நிறுவனத்தின் பெயரைத் தேர்தல் இறுதியிற் செய்யத்தக்கது. நம்மவரோ அதனையே முதலிற் செய்கின்றனர். கடைக்காரர்க்கும் அதுவே வசதி.

இவ்விரு நிறுவனங்களும் ஒன்றற்கொன்று அயலன அல்ல. இன்டெல் 1968இலும் ஏ.எம்.டி. 1969இலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பேர்சைல்டு என்னும் ஒரே நிறுவனத்தினின்று விலகியோரால் தொடங்கப்பெற்றன. தன் கணினிக்கு வேண்டிய சில்லு ஒருவரிடம் மட்டுமே கிடைப்பதனை ஐ.பி.எம். விரும்பாமையால், இன்டெல்லின் வடிவத்தை ஏ.எம்.டி.யும் செய்துதருதற்கு 1982இல் உடன்படிக்கை ஏற்பட்டது. பின்னர் இருவரும் வழக்குமன்றம் ஏறினர். அது வேறு கதை. 2003இல் அப்பழைய கட்டளை மொழியை 64 பிட் அளவிற்கு விரித்தது ஏ.எம்.டி.; அவ்விரிவை மறு ஆண்டே இன்டெல்லும் மேற்கொண்டது. இன்று இரண்டும் பேசுவது ஒரே மொழி. பயன்படுத்துவோர்க்குப் புலப்படும் அளவில், நெல்லைத் தமிழுக்கும் தஞ்சைத் தமிழுக்கும் உள்ள வேற்றுமைதானும் அவற்றிடை இல்லை. செய்யும் ஆலையாயினும் வேறோ எனின், ஏ.எம்.டி. தன் ஆலைகளை 2009இலேயே பிரித்துவிட்டுத் தைவான் நாட்டு டி.எஸ்.எம்.சி. ஆலையை நாடியது. 2024இல் இன்டெல் வெளியிட்ட கோர் அல்ட்ரா 200வி வரிசையிலும் கணிக்கும் பகுதி அவ்வாலையிலேயே வார்க்கப்பெற்றது.

"ஏ.எம்.டி. சூடேறும், இன்டெல்லே நிலைக்கும்" என்று அண்ணன்மார் கூறும் அறிவுரைக்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. 2011இல் வெளிவந்த புல்டோசர் வகைச் செயலிகள் மின்சாரத்தை மிக உண்டு, குறைவாக உழைத்தன. 2017இல் ரைசன் தோன்றியபின் அந்நிலை மாறிற்று. அறிவுரை மட்டும் மாறவில்லை. எதிர்க்கட்சியாரும் இதற்குக் குறைந்தவரல்லர். 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் மின்னழுத்தக் கோளாறு வெளிப்பட்டது. அது மடிக்கணினிச் செயலிகளைச் சாராதென்று அந்நிறுவனம் அறிவித்திருக்கவும், இவர்கள் மடிக்கணினியையும் சேர்த்தே பழிக்கின்றனர்.

அங்ஙனமாயின் முதலில் நோக்கத்தக்கது யாது? மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவர் தரகர் கூறும் புகழுரையைச் செவியில் வாங்கிக்கொண்டே மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார். செயலிக்கும் அத்தகைய பல் உண்டு. அஃது அதன் எண்ணில் மறைந்துள்ளது. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ, ரைசன் 5 7540யூ என்னும் மூன்றனையும் கடையில் ஒருங்கே காண்பவர் அவற்றை உடன்பிறப்புகள் என்றே எண்ணுவர். மூன்றாம் இலக்கமே பல். 2 என்பது 2019இல் தோன்றிய சென் 2 அமைப்பைக் குறிக்கும். கோர் எனப்படும் கணிப்புறுப்பு அதில் நான்கே. 3 என்பது சென் 3. 4 என்பது 2022இல் தோன்றிய சென் 4, கணிப்புறுப்பு ஆறு. இருபது எண் வேற்றுமையெனத் தோன்றுவது உண்மையில் மூன்றாண்டு வேற்றுமை! எண்ணின் முதலில் நிற்கும் 7ஐ மட்டும் கண்டு மகிழ்பவர் கிழமாட்டைக் கன்றென்று ஓட்டி வருகின்றார்.

2023 டிசம்பரில் இன்டெல் இம்முறையை எள்ளிப் படவுரையொன்று வெளியிட்டுப் பின்னர் நீக்கிவிட்டது. எள்ளியோர் செயலும் வேறன்று. 2024 ஜனவரியில் கோர் 7 150யூ எனப் புதுப்பெயர் சூடி வந்ததன் உள்ளிருந்தது முந்தைய 13ஆம் தலைமுறையின் அமைப்பே. புதிய அமைப்பினை உடையது, அல்ட்ரா என்னும் சொல்லும் சேர்ந்த கோர் அல்ட்ரா 7 155எச் முதலியன. ஒரு சொல் குறைந்தால் ஒரு தலைமுறை குறைகின்றது.

அடுத்தது வெப்பம். செயலிப் பெயரின் ஈற்றில் நிற்கும் எழுத்தை நம்மவர் பொருளற்றதென விட்டுவிடுகின்றனர். விகுதியும் பொருள் தரும் என்பதனைத் தமிழ் மாணவர்க்குச் சொல்ல வேண்டா. யூ என முடிவன பெரும்பாலும் 15 வாட் அடிப்படையில் உழைப்பன. எச் என முடிவன பெரும்பாலும் 28 அல்லது 45 வாட் அடிப்படையில் உழைப்பன. மேலும், ஒரே செயலியை ஒரு கணினியில் இரு விசிறியோடு தடித்த உடலில் அமைப்பர். மற்றொன்றில் ஒரு விசிறியோடு மெலிந்த உடலில் அமைப்பர். சூடு எல்லை கடந்தவுடன் செயலி தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை நண்பகலில், குளிர்சாதனமில்லாத விடுதி அறையில், மெத்தைமேல் வைக்கப்பட்ட மெல்லிய கணினி எந்நிறுவனத்துச் செயலியை உடையதாயினும் ஒன்றே.

நினைவகத்தைப் பற்றிச் சுருங்கச் சொல்வாம். ஐந்தாம் படியிலுள்ள செயலியும் 16 ஜிபி நினைவகமும் உடைய கணினி, ஏழாம் படியிலுள்ள செயலியும் 8 ஜிபி நினைவகமும் உடையதனினும் நம்போல்வார்க்கு நன்று. வருடிய பழைய பதிப்புகளையும் அகராதியையும் கட்டுரையையும் ஒருங்கே திறந்து வைப்போர் இதனை நன்கறிவர். 2025இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை பெரிதும் ஏறியது. அதனால் 8 ஜிபியோடு நின்றுவிட மனம் நாடுதல் இயல்பே. பின்னர்ச் சேர்க்க உள்ளே இடம் உண்டோ என்று கேட்டறிந்தபின் அங்ஙனம் நிற்கலாம். முன்னர்க் கூறிய 200வி வரிசையில் நினைவகம் செயலியோடே பொதியப்பட்டிருத்தலின், 16 ஜிபியோ 32 ஜிபியோ வாங்கியது வாங்கியதே.

பெயரை நோக்கியே தேரவேண்டிய இடமும் ஒன்றுண்டு. ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் எம்1 சில்லை வெளியிட்டது. 2024இல் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சில்லுகள் விண்டோஸ் மடிக்கணினிகளில் வந்தன. இவை ஆர்ம் என்னும் வேறு மொழி பேசுவன. பழைய மென்பொருள்களை இவற்றில் ஓட்ட இடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். அப்பணியை அவ்வியங்குதளங்களே செய்கின்றன, பெரும்பாலும் செம்மையாகவே செய்கின்றன. மின்கலம் நெடுநேரம் நிற்பது இவற்றின் சிறப்பு. ஆயினும் விண்டோசில் அச்சுப்பொறியையும் வருடியையும் இயக்கும் டிரைவர்கள் அம்மொழிபெயர்ப்பில் அடங்கா. ஆர்ம் மொழியிலேயே அவை எழுதப்பட்டிருத்தல் வேண்டும். துறையிலோ இல்லத்திலோ உள்ள பழைய வருடியை நம்பியிருப்போர் அதனை விசாரித்தறியாது பணம் கொடுத்தலாகாது.

இனி, பழைய கணினியை விலைக்கு வாங்கும் நண்பர்க்கு ஒரு சொல். அவர்தம் தொகை ஏனையோரினும் குறைவாகலின் அவர்க்கே எச்சரிக்கை மிக வேண்டும். விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளை, மிகச் சிலவற்றைத் தவிர, ஏற்பதில்லை, ஏ.எம்.டி.யின் முதல் தலைமுறை ரைசன்களையும் ஏற்பதில்லை. மலிவென்று வரும் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கருவியை லினக்சு நிறுவிப் பயன்படுத்த உடன்படுவோர் வாங்கலாம். தமிழ் யூனிகோடு எழுத்து அதிலும் செவ்வனே இயங்கும். உடன்படாதார் இன்னும் சில திங்கள் கல்லூரி நூலகத்துக் கணினியில் எழுதிக்கொண்டு, பொருள் சிறிது சேர்ந்தபின் கடைக்குச் செல்க.